ரஹ்மத் அக்கா கலக்கிய புட்டி

ரஹ்மத் அக்கா தவறிவிட்டார்.

இன்று காலை நாஷ்டா முடித்து, நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே கண்ணை மூடியிருக்கிறார். மகள் நஸ்ரின் போன் செய்தபோது நான் லோக்கல் டிரெயினில் நின்றுகொண்டிருந்தேன்.

"உம்மா கஷ்டப்படவே இல்ல செல்விக்கா" என்றாள். அறுபத்தாறு வயது... அதைக் கேட்டதும் பாதி மனசு ஆறிவிட்டது.

இங்கே பலருக்கு அக்காவைத் தெரியாது. தாராவியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஒன்பது வருடம் எனக்குப் பக்கத்து டேபிள். சர்ச்சுகள், பழைய பங்களாக்களின் கலர் கண்ணாடி ஜன்னல்களை ரிப்பேர் செய்கிற இடம். நான் கண்ணாடி வெட்டுவேன், அக்கா புட்டி கலக்குவார்.

கலர் துண்டுகளை ஈயப் பட்டைகள் சேர்த்துப் பிடித்திருக்கும். பட்டைக்கும் கண்ணாடிக்கும் இடையில் புட்டியை இறுக்கி அடைக்க வேண்டும். இல்லையென்றால் காற்றில் கடகடக்கும், மழையில் ஒழுகும்.

சாக் பவுடர், காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய், கொஞ்சம் டர்பென்டைன், கறுப்புக்கு விளக்குக் கரி. இவ்வளவுதான் சாமான். கலக்கியதும் ஒரு உருண்டை உருட்டி, கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார். ஓரம் வெடித்தால் இன்னும் எண்ணெய். விரலில் ஒட்டினால் இன்னும் பவுடர்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், "சப்பாத்தி மாவு மாதிரியே இருக்குக்கா" என்று சொல்லிவிட்டேன்.

"மாவுல இவ்ளோ எண்ணெய ஊத்துனா மாமியாரு வீட்ட விட்டு வெரட்டிருவா ட்டீ" என்றார். அன்றைக்குச் சிரிக்க ஆரம்பித்ததுதான் நாங்கள் இரண்டு பேரும்.

ஒரு வருடம் செம்பூரில் ஒரு சர்ச்சின் பெரிய ஜன்னல் வந்தது. மழைக்கு முன்னால் மாட்டியாக வேண்டும். ஓனர் அவசரத்தில் எங்கிருந்தோ ரெடிமேட் புட்டி நாலு டப்பா கொண்டுவந்து இறக்கினார்.

அக்கா விரலால் தொட்டுப் பார்த்து, "இது காயாது சேட்" என்றார். ஓனர் கேட்கவில்லை. டப்பா புட்டியையே அடைத்து, கொண்டுபோய் மாட்டிவிட்டோம்.

முதல் பெரிய மழையிலேயே போன் வந்தது. போய்ப் பார்த்தால்... புதிதாக வெள்ளையடித்த சுவரில் கரிய கோடு கோடாக வழிந்திருந்தது. கீழே பெஞ்செல்லாம் தண்ணீர். அந்த வாரக் கடைசியில் அங்கே ஒரு கல்யாணம் வேறு.

ஃபாதர் தூத்துக்குடிக்காரர். கோபத்தில் சுவரைக் காட்டினார். ஓனர் எங்கள் இருவரையும் காட்டி, இந்தப் பெண்கள் கையால் கலக்கியதால்தான் இப்படி ஆனது என்று சொல்லிவிட்டார்.

எனக்கு வேலை போய்விடும் என்ற பயம், அதைவிட அவமானம்.

அக்கா பதறவே இல்லை. பையிலிருந்து பேப்பரில் சுற்றிய ஒரு உடைந்த கண்ணாடித் துண்டை எடுத்தார். அதில் புட்டியால் இழுத்த இரண்டு கோடுகள்.

"ஃபாதர், ரெண்டும் ஒரே நாள்ல போட்டது. இது டப்பாவுல உள்ளது, இது நான் கலக்குனது. ஜன்னல்ல இருக்கது எதுன்னு நீங்களே நகத்தால கீறிப் பாருங்க."

ஃபாதர் கீறினார். ஒன்று மை மாதிரி விரலில் அப்பிக்கொண்டது. இன்னொன்றில் நகம் இறங்கவில்லை. பிறகு ஜன்னலில் கீறினார். விரல் கறுப்பாக வந்தது.

ஓனர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்களே கலக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன், "அந்தத் துண்ட எப்போக்கா ரெடி பண்ணீங்க, அவர மாட்டிவிடவா?"

"போ ட்டீ. டப்பா தொறந்த அன்னைக்கே போட்டு வச்சேன், எனக்குச் சந்தேகம் தீரணும்லா. என்னுது தோத்துருந்தா, இனிமே டப்பாவே வாங்குங்கன்னு நானே சொல்லிருப்பேன்."

ஜன்னலை இறக்கி, அந்த இடத்தில் பிளைவுட் அடித்தோம். கல்யாணம் பிளைவுட்டோடுதான் நடந்தது. பழைய புட்டியை மரக்குச்சியால் சுரண்டி எடுக்கவே அஞ்சு நாள். பிறகு புதிதாகக் கலக்கி, பிரஷ்ஷால் பட்டைக்கு அடியில் தள்ளித் தள்ளி அடைத்தோம். மழைக்காற்றில் சீக்கிரம் காயாது என்று இரண்டு வாரத்துக்கு மேல் படுக்க வைத்து ஃபேன் போட்டோம். ஓனர் ஒரு நாள்கூட அவசரப்படுத்தவில்லை.

மாட்டிய பிறகு நல்ல மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வா, பாத்துட்டு வருவோம்" என்று அக்காவே கூப்பிட்டார்.

பூசை முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். புர்க்காவை ஒதுக்கிக்கொண்டு, ஸ்டூல் மேல் ஏறி, ஜன்னல் அடிக்கட்டையில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை... சொட்டு ஈரம் இல்லை.

ஃபாதர் டீ கொடுத்தனுப்பினார். வெளியே கொட்டுகிற மழை, தரையில் நீலமும் மஞ்சளுமாக மங்கலான வெளிச்சம். முதல் பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாகக் குடித்தோம். அவ்வளவு நிறைவாக அக்கா முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

முழங்கால் வலியால் அக்கா வேலையை விட்டுவிட்டார். போன மாதம் சுனாபட்டியில் என் வீட்டுக்கு வந்திருந்தார். நேராகக் கிச்சன் ஜன்னலுக்குப் போய், நான் போட்ட புட்டியை அமுக்கிப் பார்த்து, "பவுடர் ஜாஸ்தி" என்றார். பிறகுதான் உட்கார்ந்தார்.

மதியம் ஆண்டாப் ஹில்லில் அவர் வீட்டுக்குப் போய் அக்காவைப் பார்த்தேன். தூங்குகிற மாதிரிதான் இருந்தார். சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு எடுத்துப் போனார்கள். ஓனரும் வந்திருந்தார், கடைசி வரை தோள் கொடுத்ததாக நஸ்ரின் சொன்னாள்.

நாளைக்கு எனக்கு மாட்டுங்காவில் வேலை இருக்கிறது. பழைய பில்டிங்கின் படிக்கட்டு ஜன்னல்... காலையிலேயே கலக்கிவிட வேண்டும்.

நான் போயிட்டு வாறேன்க்கா.