தலையணை வைத்துப் பறந்தவள்

என் தங்கை பூமியைப் படிக்கத்தான் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். நிலவியல் துறை. கல்லும் மண்ணுமாகப் பொறுக்கிக்கொண்டு வருவாள், வீடெல்லாம் புழுதியாகும், உட்கார்ந்து திட்டலாம் என்று நானும் தயாராகத்தான் இருந்தேன். சேர்ந்த சில நாளிலேயே வாசலில் வந்து நின்று, "அக்கா, நான் விமானப்படை கிளப்புல சேரப்போறேன்" என்றாள்.

"எதுக்கு, சீருடை இஸ்திரி போடவா?" என்று கேட்டேன்.

"ஓட்ட."

பல்கலைக்கழக மாணவர்களுக்காக விமானப்படையே நடத்தும் பறக்கும் கிளப் அது. படிப்பு பாட்டுக்குப் படிப்பு. சனிக்கிழமையானால் சீருடை, பூட்ஸ், அணிவகுப்பு, அப்புறம் விமானம். இவள் அன்று சதுரங்கக் கிளப்பில் பெயர் கொடுக்கத்தான் போயிருக்கிறாள். பக்கத்து மேசையில் ஒரு தலைக்கவசம் இருந்திருக்கிறது. சும்மா மாட்டிப் பார்த்தாளாம். கழற்ற மனம் வரவில்லையாம்.

அப்பா மருந்துக்கடையில் வேலை செய்கிறவர். மேல் தட்டிலிருந்து டப்பா எடுக்க ஏணி ஏறினாலே அவருக்குத் தலை சுற்றும். செய்தியைக் கேட்டதும் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அம்மா மட்டும், "அங்கே யாரு சொல்லிக் குடுக்கிறது? ரெண்டு பேருக்கும் கண்ட்ரோல் இருக்குமா?" என்று கேட்டாள். அம்மாவின் கவலை அம்மாவுக்கு.

அம்மா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். ஒரு மேசை, ஒரு போன், சுவர் நிறையச் சாலைக் குறிகள், மேசைக்குப் பின்னால் நான். வாசலில் நிற்கும் வெள்ளைக் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று ஓட்டுகிறவருக்கு. இன்னொன்று பக்கத்து இருக்கையில், அம்மாவின் வலது காலுக்கு அடியில். தான் மிதிப்பதை அம்மா ஒருநாளும் காட்டிக்கொள்ள மாட்டாள். நாய் குறுக்கே ஓடும், வண்டி நிற்கும், அம்மா உடனே, "அட, சட்டுனு நிறுத்திட்டீங்களே!" என்பாள். ஓட்டியவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஊரையே வாங்கிவிட்ட பெருமை. பயம் விட்டால்தான் வண்டி கைக்கு வரும் என்பது அம்மாவின் கட்சி. நானும் தங்கையும் பின்சீட்டில் உட்கார்ந்து, வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கியே வளர்ந்தோம். அம்மாவின் செருப்பில் வலதுதான் எப்போதும் முதலில் தேயும்.

சரி, தங்கை கதைக்கு வருகிறேன். தேர்வில் எல்லாவற்றிலும் தேறியவள் உயரத்தில் மாட்டிக்கொண்டாள். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் உயரம் வாய்க்கவில்லை, இவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வாய்க்கவில்லை. பெடலுக்குக் கால் எட்டினால் முன் கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியாது, கண்ணாடி மட்டத்துக்குத் தலை வந்தால் கால் எட்டாது. விமானப்படை டாக்டர் உதட்டைப் பிதுக்கியிருக்கிறார். இவள் சளைக்கவில்லை. "சார், முதுகுக்கு ஒண்ணு, அடியில ஒண்ணு, ரெண்டு தலையணை குடுத்துப் பாருங்களேன்" என்றாளாம். கொடுத்துப் பார்த்தார்கள். எட்டியது. அன்றே அவளுக்குக் கிளப்பில் 'தலையணை' என்று பெயர் விழுந்துவிட்டது.

அதற்கப்புறம் எங்கள் வீடு வீடாக இல்லை. சமையலறை நாற்காலிதான் விமானம், குழம்புக் கரண்டிதான் கட்டுப்பாட்டுக் கம்பி. கண்ணை மூடிக்கொண்டு, "பெல்ட் சரி, எரிபொருள் சரி, கதவு சரி" என்று முணுமுணுப்பாள். கோபுரத்திலிருந்து ரேடியோவில் பேசுகிறவர் நான். "இறங்க அனுமதி கேக்கிறேன்" என்பாள். "முதல்ல பாத்திரத்தைக் கழுவிட்டு இறங்கு" என்பேன். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், சனிக்கிழமை மாலை அவள் வரும் நேரத்துக்கு நான் போனைக்கூடச் சரியாக எடுக்க மாட்டேன். என்ன சொல்லப் போகிறாளோ என்று எனக்கே நெஞ்சு அடித்துக்கொள்ளும். பொறாமையும் இருந்தது. யாருக்குத்தான் இருக்காது?

முதல் நாள் தரையில் உருட்டிப் போகச் சொன்னதும் கம்பியை ஸ்டியரிங் மாதிரித் திருப்பினாளாம். விமானம் பாட்டுக்கு நேராகப் புல்லுக்குள் போயிருக்கிறது. தரையில் அதைக் காலால்தான் திருப்ப வேண்டுமாம். டிரைவிங் ஸ்கூல்காரி பெற்ற பிள்ளை, வேறென்ன செய்வாள்? மேலே போன கதையைச் சொல்லும்போது மட்டும் அவளுக்கு வார்த்தை தடுக்கும். "அக்கா, நம்ம தெரு... நம்ம தெருவே ஒரு கோடுதான் அக்கா. நம்ம வெள்ளைக் கார் தெரிஞ்சுது. சத்தியமா!" என்று என் தோளைப் பிடித்து உலுக்குவாள். முதல் தடவை மேலே போய் வந்த அன்று அப்பாகூட நாற்காலியை விட்டுவிட்டு எழுந்து வந்து கேட்டார்.

அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு கேப்டன். பிள்ளைகள் வைத்த பெயர் 'ஊமை சார்'. தேவைக்கு மேல் ஒரு சொல் பேச மாட்டார். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்லியே தீர வேண்டும் என்பது அங்கே சட்டம். இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு கம்பி இருப்பதால், ஓட்டுகிற பொறுப்பைக் கொடுக்கும்போது "கண்ட்ரோல் உன்கிட்ட" என்று சொல்ல வேண்டும். வாங்குகிறவர் "கண்ட்ரோல் என்கிட்ட" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் கைமாறவே கூடாது.

இவளும் கிளிப்பிள்ளையாகச் சொன்னாள். ஆனால் உள்ளுக்குள் நம்பவில்லை. எப்படி நம்புவாள்? பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவர் என்றால் ரகசியமாக ஒரு கால் மிதித்துக்கொண்டிருக்கும் என்பதுதானே அவள் கண்ட உலகம். நன்றாக இறங்கிய ஒவ்வொரு தடவையும், ஊமை சார்தான் சத்தமில்லாமல் இறக்கினார், பெருமையை நமக்கு விட்டுக்கொடுக்கிறார் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள்.

மழை விட்ட ஒரு சனிக்கிழமை அது வெடித்தது. விமானம் ஓடுபாதைக்கு மேலே வந்து, சக்கரம் தரையைத் தொடுவதற்கு முன், மூக்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க வேண்டும். உயிர்நாடியே அந்த ஒரு நொடிதான். அந்த நொடியில் இவள், 'இனி சார் பாத்துப்பார்' என்று பிடியைத் தளர்த்திவிட்டாள். சாரோ, கண்ட்ரோல் அவளிடம் இருக்கிறது என்று சும்மா இருந்தார். இருவர் உட்கார்ந்திருக்கும் விமானத்தை யாருமே ஓட்டவில்லை. மூக்குச் சக்கரம் தரையில் மோதி, விமானம் எகிறி, மறுபடி விழப் போனபோது, "கண்ட்ரோல் என்கிட்ட!" என்று ஊமை சார் கத்தினாராம். அவர் குரல் அவ்வளவு பெரிது என்பதே அன்றுதான் கிளப்புக்குத் தெரிந்தது.

தரைக்கு வந்ததும் அவர் கேட்டார்: "இப்போ யாரு ஓட்டினது?"

"நீங்கதான் சார்."

"நான் கையே வைக்கலையே. இத்தனை நாளா யாரு இறக்கினதா நெனச்சே?"

"நீங்கதான் சார்."

அவர் தலைக்கவசத்தைக் கழற்றினாராம். பிறகு, "அடுத்த சனிக்கிழமை பாக்கலாம். அன்னிக்கும் நீதான் ஓட்டுறேன்னு உனக்கே தெரியலைன்னா, உன்னைத் தனியா அனுப்ப முடியாது. தனியாப் போகாதவங்களுக்கு இந்த வருஷத்தோட கிளப் முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தவள் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அம்மா முன்னால் போய் நின்றாள். "எல்லாம் உன்னாலதான்!"

"நான் என்னடி பண்ணேன்?"

"எனக்குக் கார் சொல்லிக் குடுத்தப்போ எத்தனை தடவை மிதிச்சே? உண்மையைச் சொல்லு."

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். "வேணும்கிறப்போ மிதிச்சேன்."

"அப்படின்னா எப்பவும். நான் இதுவரைக்கும் எதையாவது நானா ஓட்டியிருக்கேனான்னே எனக்குத் தெரியலைம்மா!" என்று கத்தினாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா சுவரிலிருந்த சாலைக் குறிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த சனிக்கிழமை நான் போனை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். விமானத் தளத்தைச் சுற்றி ஒரு கம்பி வேலி, அதையொட்டி ஒரு சாலை. நான் வேலியோரம் ஸ்கூட்டரை நிறுத்தும்போது, தூரத்தில் ஒரு வெள்ளைக் கார் குலுங்கிக் குலுங்கி வந்தது. எங்கள் கார்! பல் டாக்டர் ஓட்ட, பக்கத்தில் அம்மா. டாக்டர் எங்களிடம் ஓட்டப் பழகுகிறவர். ஊசி போடும்போது நடுங்காத கை, ஸ்டியரிங்கைத் தொட்டால் நடுங்கும்.

"கிளாஸ் இருக்கு, வர மாட்டேன்னே?" என்றேன்.

"டாக்டர்தான் இந்தப் பக்கம் ஓட்டிப் பாக்கணும்னாரு."

"நானா?" என்றார் டாக்டர், பாவம்.

அதற்குள் அந்தச் சின்ன விமானம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்க வந்தது. உள்ளே நடந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரியும் என்றாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், என்னால் அடக்கிவைக்க முடியாது. ஓடுபாதை கண்ணுக்கு நேரே வந்ததும் இவள், "சார், உங்க ரெண்டு கையையும் தலைமேல வையுங்க" என்றாளாம்.

"என்னது?"

"காலையும் பின்னால மடக்கிக்குங்க சார். எனக்குத் தெரியணும்."

விமானப்படை அதிகாரியைப் பார்த்து, இரண்டு தலையணை மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் கையைத் தூக்கச் சொல்கிறாள்! எனக்கு இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது, பெருமையும் வருகிறது. அவர் மறுபேச்சில்லாமல் கையைத் தலைமேல் வைத்து, காலையும் மடக்கிக்கொண்டாராம். இவள் ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்துக்கொண்டு, "கண்ட்ரோல் என்கிட்ட" என்று யாரும் கேட்காமலேயே உரக்கச் சொல்லி, மூக்கைத் தூக்கிப் பிடித்து இறக்கினாள். வேலிக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன 'கிறீச்' மட்டும் கேட்டது.

விமானம் ஓரமாக வந்து நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க, கேப்டன் இறங்கினார். தன் இருக்கையின் பெல்ட்டை இழுத்துக் கட்டினார், கதவைச் சாத்தினார், ஒரே ஒரு சுற்று என்று ஒரு விரலைக் காட்டினார், புல்லில் நடந்து வந்து ஒதுங்கி நின்றுகொண்டார்.

"அவரு ஏன் இறங்கிட்டாரு?" என்றாள் அம்மா.

"தனியா அனுப்புறாரும்மா!" நான் கத்திவிட்டேன். "தனியா!"

உள்ளே ஒரே ஒரு தலை. அதுவும் கண்ணாடி வழியாகப் பாதிதான் தெரிந்தது. பாரம் குறைந்த விமானம் ஓடத் தொடங்கியதுமே துள்ளி எழுந்துவிட்டது. நான் குதித்தேன். டாக்டர் கை தட்டினார். தலைக்கு மேலே அது வளைந்து போனபோது, நான் ரேடியோக்காரர் என்ற நினைப்பில், "இறங்க அனுமதி உண்டுடி, பாத்திரம் நான் கழுவிக்கிறேன்!" என்று வானத்தைப் பார்த்துக் கூவினேன். அம்மா மட்டும் வேலிக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

விமானம் திரும்பி, ஓடுபாதையை நோக்கித் தாழ்ந்து வந்தது. காற்று அடித்து ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது. அப்போது டாக்டர் மெதுவாக, "டீச்சர், ஏன் காலைத் தரையில போட்டு அப்படி அமுக்குறீங்க?" என்று கேட்டார்.

குனிந்து பார்த்தேன். அம்மாவின் வலது கால் செருப்போடு ஈர மண்ணில் புதைந்துகொண்டிருந்தது. டாக்டர் அந்தக் காலைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மறுபடி காலைப் பார்த்தார். முகம் மாறியது. "அப்போ... அன்னிக்கு நாய் குறுக்க வந்தப்போ நிறுத்தினது..."

"அதை அப்புறம் பேசிக்கலாம் டாக்டர்" என்றாள் அம்மா, கண்ணை விமானத்திலிருந்து எடுக்காமல். பிறகு தனக்குத்தானே, "மிதிக்கக் கூடாது" என்றாள். ஒரு கையால் என் தோளைப் பற்றிக்கொண்டு, வலது காலை மண்ணிலிருந்து பிடுங்கி, மேலே தூக்கிக்கொண்டாள். செருப்பு மண்ணிலேயே நின்றுவிட்டது. வெறும் காலைத் தூக்கியபடி, ஒற்றைக் காலில் அம்மா நின்றாள். அவள் விரல்கள் என் தோளில் பதிந்தன. வலித்தது, நான் அசையவில்லை.

விமானம் ஓடுபாதைக்கு மேலே வந்தது. மூக்கு மெல்ல உயர்ந்தது. அப்படியே நின்றது, நின்றது, இன்னும் கொஞ்சம் நின்றது. பிறகு சக்கரங்கள் தரையைத் தொட்டன.

அதற்குப் பிறகுதான் அம்மா காலைக் கீழே வைத்தாள்.