மூச்சை எண்ணும் வீடு

மார்கா ஃபெர்மாஸுக்கு அந்தப் புது வீடு வாடகைக்குக் கிடைத்த சேதி வந்தபோது டிராம் பணிமனையில் பாதிப் பேர் வாழ்த்தினார்கள், மீதிப் பேருக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? ரோட்டர்டாமின் தென்கரையில், சந்தைத் திடலைப் பார்த்தாற்போல, நாலாம் மாடி. காஸ் இணைப்பே தேவையில்லாத, தானாகவே சூடாகிக்கொள்கிற வீடு. அவள் பிறந்து வளர்ந்த பழைய கட்டடத்தை இடித்த அதே இடத்தில்தான் இது எழும்பியது. "கட்டி முடிச்சதும் உங்களுக்குத்தான் முதல் உரிமை" என்று வீட்டுக் கழகம் கொடுத்த வாக்கை நம்பி, ஊரின் மறுகோடியில் ஒரு பொந்தில் ஒன்பது வருஷம் கிடந்தாள். ஐம்பத்தெட்டாவது வயதில் சாவி கைக்கு வந்தது.

முப்பத்தொரு வருஷமாக டிராம் ஓட்டுகிறவள். கட்டிய புருஷன் எப்போதோ போய்விட்டான், பிள்ளை இல்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். "கதவுல நிக்காதீங்க சார், தொப்பை மாட்டிக்கும்" என்று ஒலிபெருக்கியில் சொல்லிப் புகார் வாங்கியவள்.

ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரிதான் கொட்டை எழுத்தில் இருந்தது. இது ஒற்றையாள் வீடு. இன்னொருவர் குடியிருப்பது தெரிந்தால் வீடு பறிபோகும். மார்கா சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டாள். தனிக்கட்டைக்கு அதில் என்ன கஷ்டம்?

சாவி கொடுக்க வந்தவன் யெல்லே. கட்டடத்தைக் கவனித்துக்கொள்கிற கழகத்து ஊழியன், முப்பத்தைந்து வயதிருக்கும், ஒட்டடைக்குச்சி மாதிரி நெடுநெடுவென்று. நல்ல பிள்ளை.

"சன்னலைத் திறக்கவே வேண்டாம் மேடம். காத்து தானா வரும், தானா போகும். இதோ இந்த விளக்கு பச்சையா இருந்தா காத்து சுத்தம். மூச்சுக் காத்து சேந்துச்சுன்னா ஆரஞ்சாகும், உடனே மிஷின் வேகமா ஓடும். அந்த எண்ணெல்லாம் எங்க ஆபீஸுக்கும் வந்துடும். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். வீடே உங்களப் பாத்துக்கும்."

வீடு பார்த்துக்கொண்டது, நிஜம்தான். சுவர் ஒரு முழம் தடிமன், சன்னலுக்கு மூன்று அடுக்குக் கண்ணாடி. சந்தை நாளில் கீழே மீன்காரன் தொண்டை கிழியக் கத்துவது தெரியும், கேட்காது. டிராம் வளைவில் திரும்புவது தெரியும், கேட்காது. கேட்பதெல்லாம் உள்நடை அலமாரிக்குள் இருந்த மிஷினின் மெல்லிய உறுமல் மட்டும். முதல் மாதம் அதை அமைதி என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள்.

நவம்பர் கடைசியில் தம்பி ஆரி வந்து நின்றான். இருபத்தாறு வருஷம் சரக்குப் படகில் வேலை. படகிலேயே தூக்கம், படகிலேயே சாப்பாடு. முதலாளி படகை விற்றதும் வேலையோடு வீடும் போயிற்று. பெண்டாட்டி அதற்கு முன்பே போயிருந்தாள். மூன்று மாதம் காரில் தூங்கியிருக்கிறான், காரும் போன பிறகுதான் அக்கா ஞாபகம் வந்திருக்கிறது. இருமிக்கொண்டே படியேறி வந்தான்.

"ரெண்டே வாரம், மார்கா. மூணாவது வாரம் என் மூஞ்சிய நீ பாக்க மாட்ட."

"உன் மூஞ்சிய அம்பத்திமூணு வருஷமா பாக்கறேன், இன்னும் பழகல. ஷூவக் கழட்டிட்டு உள்ள வா."

இரண்டு வாரம் இரண்டு மாதமானது. வீட்டுப் பட்டியலில் பெயர் எழுதினால் பத்து வருஷம் கழித்து வா என்கிற ஊரில் அவன் எங்கே போவான்? அவளும் போ என்று சொல்லவில்லை. கூடத்துச் சோபாவில் படுத்தான். பகலெல்லாம் வீட்டின் உள்நடையில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தான், ஏனென்றால் சன்னலுக்குத் திரை போட முடியாது. இந்த ஊரில் யார் போடுகிறார்கள்? திரை போட்ட சன்னலைப் பார்த்தால் எதிர்வீட்டுக்காரன் முதல் தபால்காரன் வரை 'என்னத்தை ஒளிக்கிறாள்?' என்றுதான் கேட்பார்கள். அதனால் மார்கா சன்னலைத் திரையில்லாமல் அப்பட்டமாக விட்டுவிட்டு, தம்பியை ஒளித்தாள். விளக்குப் போடாத நடையில், மிஷினுக்குப் பக்கத்தில், ஆரி சத்தமில்லாமல் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருப்பான்.

மனிதக் கண்ணை மறைத்தாயிற்று. சுவரில் இருந்த கண்ணை?

இரவானால் கூடத்து விளக்கு ஆரஞ்சாகும். மிஷின் உறுமும். முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிறிஸ்துமஸ் கழிந்ததும் கடிதம் வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். 'அன்புள்ள திருமதி ஃபெர்மாஸ், உங்கள் வீட்டில் இரவு நேரக் காற்று வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது. உங்களுக்கு ஏதும் அசௌகரியம் உண்டா?'

"மூச்ச எண்ணறாங்கடா" என்றாள் மார்கா.

"அப்ப நான் பாதி மூச்சு விடறேன்" என்றான் ஆரி. சிரித்தான், சிரிப்பு இருமலில் முடிந்தது.

அப்போதுதான் அவள் ஒரு புத்திசாலித்தனம் செய்தாள். இந்த ஊர்க்காரர்களுக்கு எந்த வியாதிக்கும் ஒரே மருந்துதானே, சன்னலைத் திற! உறைபனி விழுகிற ஜனவரியில் கூடத்துச் சன்னலை ஒரு சாண் திறந்துவைத்துத் தூங்கினாள். விளக்கு பச்சைக்குத் திரும்பியது. மார்கா தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள். ஆனால் குளிர் உள்ளே வர வர, தரையைச் சூடாக்குகிற மிஷின் விடிய விடிய ஓடியது. பத்தே நாளில் இரண்டாவது கடிதம். 'வெப்பமும் வழக்கத்துக்கு மாறாக வெளியேறுகிறது. புதன்கிழமை இரண்டு மணிக்கு நேரில் வந்து பார்க்கிறோம்.' வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

அந்தப் புதன்கிழமை காலைப்பணி முடிந்து ஓடிவந்து, வீட்டில் ஆரியின் வாசனையே இல்லாமல் துடைத்தாள். சவரக்கத்தி, ஷூ, இரண்டாவது தலையணை, இரண்டாவது கோப்பை எல்லாம் சாமான் அறைக்குள் போயின. கடைசியாக ஆரியும் போனான். சைக்கிளுக்கும் இஸ்திரிப் பலகைக்கும் நடுவே குந்திக்கொண்டான். அந்த ஒரு அறையில்தான் மூச்சை அளக்கிற கருவி இல்லை.

"இருமின, கொன்னுடுவேன்" என்றாள்.

"இரும மாட்டேன்" என்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன் போல அவளையே ஒரு நொடி பார்த்தான். அவள் கதவைச் சாத்திவிட்டாள்.

யெல்லே சரியாக இரண்டு மணிக்கு வந்தான். அலமாரியைத் திறந்தான், மூடினான். சுவரிலிருந்த கருவியைக் கழற்றி ஊதிப் பார்த்தான். மார்கா காப்பியும் ஒரு பிஸ்கோத்தும் வைத்தாள். அவன் உட்கார்ந்த நாற்காலிக்குப் பின்னால் மூன்றடி தூரத்தில் சாமான் அறைக் கதவு.

"கருவியில கோளாறு இல்ல மேடம். ராத்திரியில ரெண்டு பேர் மூச்சு காட்டுது."

"என் உடம்பப் பாத்தீங்கல்ல? ரெண்டு பேர் மூச்ச நானே விடுவேன்."

யெல்லே சிரித்தான். சிரித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தான். "நேராவே கேக்கறேன். இங்க வேற யாராவது இருக்காங்களா? இப்பவே சொல்லிட்டீங்கன்னா ஏதாவது வழி இருக்கான்னு கேட்டுப் பாக்கலாம், உறுதியா சொல்ல முடியாது. மறைச்சது பின்னால தெரிஞ்சா வக்கீல் நோட்டீஸ்தான். அது என் கையில இல்ல."

ஒன்பது வருஷம் அவள் கண்முன் வந்து நின்றது. பொந்து வீட்டின் பூஞ்சைச் சுவர், ஒவ்வொரு ஞாயிறும் டிராமில் வந்து இந்தக் கட்டடம் எத்தனை மாடி எழும்பியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனது, எல்லாம்.

"யாரும் இல்ல" என்றாள்.

அவன் தலையாட்டினான். கழிப்பறை எங்கே என்று கேட்டுப் போனான். திரும்பி வந்தபோது முகமெல்லாம் மலர்ச்சி, கை நீண்டிருந்தது.

"வாழ்த்துகள் மேடம்! இன்னிக்கு உங்க ஆரிக்குப் பிறந்தநாளாமே!"

கழிப்பறைச் சுவரில், இந்த ஊரின் எல்லா வீட்டையும் போல, பிறந்தநாள் நாட்காட்டி. ஜனவரி இருபத்தெட்டில் அவள் கையெழுத்தில் தம்பியின் பெயர். வாழ்த்தைப் பிறந்தநாள்காரனோடு விட்டுவிடுகிற ஊரா இது? அக்காளுக்கும் கைகுலுக்கல், மாமனுக்கும் கைகுலுக்கல். வேலை விட்டு வந்ததிலிருந்து வீட்டைத் துடைத்தவள் இதை மறந்தே போனாள். தம்பியை வாழ்த்தவும் மறந்துபோனாள். அடப் பாவி!

"யாரு ஆரி? சாயங்காலம் கேக் சாப்பிட வருவாரா?" யெல்லே சாதாரணமாகத்தான் கேட்டான். ஆனால் அவன் கண் மேசைமேல் கிடந்த தன் குறிப்பேட்டின் மேல் போனது, அல்லது போனதாக அவளுக்குத் தோன்றியது.

"தம்பி" என்றாள். "செத்துட்டான்."

"ஐயோ. மன்னிச்சுக்குங்க மேடம்." அவன் கை தொங்கிப்போயிற்று. "எங்கம்மா செத்தவங்க பேருக்குப் பக்கத்துல சின்னதா ஒரு சிலுவை போடுவாங்க. அதான், சிலுவை இல்லையேன்னு நான்..."

"போடணும்னுதான் இருந்தேன். கை வரல."

"புரியுது. யாரும் இல்லேன்னா கருவிதான் தப்பா காட்டுது போல. வெள்ளிக்கிழமை என் கூட வேலை செய்யறவர் ஒருத்தர் வந்து கருவியை மாத்திடுவார்."

இன்னொருவர் வருவாராம்! அவன் சாமான்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே மார்கா பேனாவை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போய்ச் சிலுவையைப் போட்டுவிட்டாள். கை வந்தது. அதுதான் கொடுமை, சுலபமாகவே வந்தது.

யெல்லே போனதும் சாமான் அறையைத் திறந்தாள். ஆரி முழங்காலைத் தேய்த்துக்கொண்டே எழுந்தான்.

"செத்தவன் எழுந்து வந்திருக்கேன், காப்பி மிச்சம் இருக்கா?"

"டேய், வாயில வந்துடுச்சுடா. வேற என்ன சொல்லச் சொல்ற? பிறந்தநாளையும் மறந்துட்டேன். கேக் வாங்கிட்டு வரேன், இரு."

"விடு மார்கா. நல்லாத்தான் சொன்ன. ஒரு நிமிஷம் நானே நம்பிட்டேன்."

கழிப்பறைக்குப் போனான். நேரமெடுத்தது. வெளியே வந்து நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு, பிறந்தநாளுக்குக் கொடுப்பது போல அவள் கன்னத்தில் மாற்றி மாற்றி மூன்று முத்தம் கொடுத்தான்.

"ஒரு நடை போயிட்டு வரேன்."

"பகல்லயா? யாராவது பாத்துட்டா?"

"பாத்தா என்ன? நான் யாரும் இல்லையே."

கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. மார்காவின் மனதில் முதலில் எழுந்தது என்ன தெரியுமா? நிம்மதி. அப்பாடா என்று மூச்சு விட்டாள். விட்ட பிறகுதான் தன் மீதே அருவருப்பு வந்தது. அந்தச் சிலுவையையாவது அடித்துத் தொலைக்கலாம் என்று கழிப்பறைக்குள் போனாள்.

சிலுவைக்குப் பக்கத்தில் ஆரியின் கோணல் கையெழுத்து. செத்தவர்களுக்குச் சிலுவையோடு தேதியும் எழுதுவது வழக்கம். அவள் விட்டதை அவன் எழுதிவைத்திருந்தான். ஜனவரி இருபத்தெட்டு, இந்த வருஷம்.

லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. வீட்டுச் செருப்போடு நாலு மாடியும் இறங்கினாள். கதவைத் தள்ளியதும் சந்தையின் இரைச்சல் முகத்தில் அறைந்தது. வள்ளிக் கிழங்கு விற்கிறவள், துணிக்கடைக்காரன், குழந்தை வண்டிகள், எங்கே பார்த்தாலும் தலைகள். நீலக் கோட்டு மட்டும் இல்லை. மீன் கடை ஓரத்தில் யெல்லே நின்று பொரித்த மீன் தின்றுகொண்டிருந்தான்.

அவள் நின்றது ஒரே கணம். அதற்குள் திரும்பிப் போயிருக்கலாம். பிறகு நேரே அவனிடம் ஓடினாள்.

"நீலக் கோட்டு போட்ட ஆளு வெளிய வந்தானா? நரைச்ச தலை?"

"வந்தார். இப்பதான் துறைமுகப் பக்கமா போனார். யாரு மேடம்?"

"என் தம்பி! ஆரி! சாகல, எங்கூடத்தான் ரெண்டு மாசமா இருக்கான். நீங்க காப்பி குடிச்சப்ப அந்தக் கதவுக்குப் பின்னாலதான் இருந்தான். தேதிய எழுதி வெச்சுட்டுப் போயிருக்கான் பாவி!"

யெல்லே அவள் முகத்தைப் பார்த்தான். மீன் தட்டு அப்படியே குப்பைத் தொட்டியில் விழுந்தது. சைக்கிளை எடுத்து மிதித்தான். "ஏறுங்க!" இந்த ஊரில் பிறந்தவளுக்கு ஓடுகிற சைக்கிளில் தாவி ஏறச் சொல்லித்தர வேண்டுமா? ஆனால் ஐம்பத்தெட்டு வயதில், கனத்த உடம்போடு, ஒரு கால் செருப்பைத் தெருவில் விட்டுவிட்டுத்தான் ஏறினாள். அவன் மூச்சிரைக்க மிதித்தான், மணியை விடாமல் அடித்தான். டிராம் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தபோது அவள் ஓட்டுகிற அதே தடத்து டிராம் பிரேக் பிடித்து அலறியது.

துறையில் காற்று கத்தியாய் வெட்டியது. கரையோரச் சங்கிலிக்கு அந்தப் பக்கம், கல் விளிம்பில், ஆரி தண்ணீரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். யெல்லே இருபதடிக்கு முன்பே சைக்கிளை நிறுத்தினான். மார்கா இறங்கி நடந்தாள்.

"ஆரி."

அவன் திரும்பவில்லை.

"ஆரி, வாடா. பிறந்தநாளும் அதுவுமா..."

அவன் தோள் அசையவில்லை. பிறகு உரக்க, சந்தைக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"சொல்லிட்டேன்டா! நீ எங்கூட இருக்கேன்னு இவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். வீடு போச்சு!"

ஆரி மெல்லத் தலையைத் திருப்பினான். முதலில் அவளைப் பார்த்தான். பிறகு, தூரத்தில் சைக்கிளோடு நின்ற யெல்லேயைப் பார்த்தான்.

"ஒம்போது வருஷம் காத்திருந்தியே, மார்கா."

"காத்திருந்தேன். போச்சு. குளுருது, இந்தப் பக்கம் வா."

அவன் ஒரு காலைத் தூக்கிச் சங்கிலிக்கு இப்புறம் வைத்தான். அடுத்த கால் வருவதற்குள் மார்கா அவன் கோட்டுக் கழுத்தை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.