வளையல் ஓசைக்கு ஓடிய எலிகள்

நேற்றுக் காலை கைப்பேசியில் வந்த செய்தியை நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன். இந்த வயதில் படிக்கக் கற்றவனுக்கு எதைப் பார்த்தாலும் வாசித்துவிட ஆசை. வாசித்து முடித்த பிறகே டாக்டர் பரமேஸ்வரி இறந்துவிட்டார் என்பது உறைத்தது. அப்போதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கொஞ்சம் எழுதுகிறேன், எழுந்து நடக்கிறேன், திரும்ப வந்து எழுதுகிறேன்.

உலு திராம் ஊரில் இருந்த அவருடைய ஆய்வுக்கூடத்தில் எலிக்கூண்டுகளைக் கழுவியவன் நான். அங்கே வேலை செய்த உங்களுக்கு நினைவிருக்கும், சில கூண்டுகளில் சீனித் தண்ணீர், சிலவற்றில் மது கலந்த தண்ணீர். மூளையில் நரம்புக்கு நரம்பு சேதி கொண்டுபோகும் சின்னப் புரதத் துண்டுகள் இருக்கின்றன, நியூரோபெப்டைடு என்று பெயர் என்பார். அவற்றில் ஒன்றின் வேலையை ஊசி மருந்தால் அடக்கியதும் எலிகள் மதுவைக் குறைத்தன. சீனித் தண்ணீரையும் குறைத்தன.

மாசாயில் என்னோடு இருக்கும் தம்பி ராஜுவுக்கு அப்போது குடியால் வேலை போகும் நிலை.

"அந்த ஊசிய இவனுக்கும் போட்டு விடுங்க டாக்டர்" என்று கெஞ்சினேன்.

"எலி சீனியையும் சேத்துல்ல விட்டுச்சு? மனுஷன் எதையெல்லாம் விடுவான்னு எனக்குத் தெரியாதுண்ணே. தெரியாம போட மாட்டேன்."

அவர் வாங்கி வைத்த தேநீரை நான் கோபத்தில் தொடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவர் வளையல்களைக் கழற்றினார். அவற்றின் ஓசை கேட்டாலே, போத்தலை வைக்கும் முன்பே, எலிகள் மது வரும் பக்கம் ஓடின. வெறுங்கையைப் பார்த்து அவருடைய அம்மா திட்டினாராம். "எலிக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சும்மா, அதான் கழட்டிட்டேன்" என்றாராம் இவர்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கே வந்தார்.

"எனக்கும் போத்தல் வைக்க வந்தீங்களா டாக்டர்?" என்றான் ராஜு.

"ஒங்களுக்கு வச்சுக் கட்டுப்படியாகாதுலா. அண்ணன் சொன்னாரு."

அவன் சிரித்துவிட்டான். அரசாங்க மருத்துவமனைக்குப் போகவும் ஒப்புக்கொண்டான். கிளம்பும்போது டாக்டர் என்னிடம், "ஏன் குடிச்சன்னு கேக்காதீங்க, அவருக்கே தெரியாது. ஆச எப்ப வந்துச்சுன்னு கேளுங்க" என்றார்.

கேட்டேன். "வேல முடிஞ்சு ஹெல்மெட்ட மாட்டுனதும்" என்றான். மறுநாளிலிருந்து பைக்கை விட்டுவிட்டு வேலைக்குப் பேருந்தில் போனான். மருந்தும் எடுத்தான். வேலை போகவில்லை. இன்றுவரை குடிக்கவில்லை.

அந்த ஒரு கேள்வியைத்தான் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். இன்று அவரை எரியூட்டிவிட்டுத் திரும்பினோம். குளித்துவிட்டு வந்த ராஜு உள்ளே உட்காராமல் வாசலிலேயே நிற்கிறான். சற்றுமுன் போய், "எப்ப வந்துச்சுடா?" என்று கேட்டேன்.

"இப்பத்தாண்ணே."

பேனாவை மூடுகிறேன். அவனோடு கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வர வேண்டும்.