விபூதியில் ஓடிய கறுப்புக் கோடு

இரண்டு வருடங்களுக்கு முன், ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் நடந்தது இது. மதுரை காளவாசல் அருகே ஒரு சந்துக்குள் இருக்கிறது எங்கள் பட்டறை. கதவுக் கீல் அடிக்கிறோம். அதற்கு எங்களிடம் இருப்பது, தகட்டை அடித்து வெட்டும் ஒரே ஒரு பழைய பவர் பிரஸ். செய்த கம்பெனியை மூடியே பல வருடமாகிறது. ஆனாலும் உழைக்கிற மிஷினைத் தூக்கிப் போட யாருக்கு மனசு வரும்?

அதன் பக்கவாட்டில் இருக்கும் பெரிய சக்கரம் நடுவில் தேய்ந்து தள்ளாட ஆரம்பித்தது. சிம்மக்கல்லில் பழைய இரும்புக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினேன். உதட்டைப் பிதுக்கினார்களே தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் எழுமலையில் மூடிக் கிடந்த ஒரு பட்டறையில் இதே மாடல் பிரஸ் இருப்பதாகத் தகவல் வந்தது. என் வீட்டுக்காரர் வேறு வேலையாக வெளியூர் போயிருந்ததால், வேன் பிடித்து நானே போய்ச் சக்கரத்தை வாங்கினேன்.

வேனில் ஏற்றும்போது பலகை சரிந்து, சக்கரம் கருங்கல் மேல் தடாலென்று விழுந்தது. "இரும்புதானேக்கா, என்னாகப் போகுது" என்றார் டிரைவர். வார்ப்பிரும்பு விழுந்தால் உள்ளுக்குள் விரிசல் விடும் என்று தெரியாதவளா நான்? இருபது வருடம் பட்டறையில் குப்பை கொட்டியவள். திருப்பித் திருப்பிப் பார்த்தேன், கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. இவ்வளவு அலைந்து வாங்கியதைக் கீழே போட்டேன் என்று சொல்லி யார் திட்டு வாங்குவது? வாயை மூடிக்கொண்டேன்.

பூஜைக்கு முதல் நாள் இருட்டிய பிறகு ஃபிட்டர் வந்து மாட்டிக் கொடுத்தார், ஓட்டிப் பார்க்க நேரமில்லை. பூஜையன்று டீசல் துணியால் மிஷினைத் துடைத்து, விபூதியைக் குழைத்துச் சக்கரத்தில் பட்டை பட்டையாகப் பூசி, குங்குமம் வைத்தோம். அன்று மிஷினைத் தொடுவதில்லை. மறுநாள் காலை மறுபூஜை போட்டுத்தான் ஓட்டுவோம்.

காலையில் பார்த்தால், காய்ந்த வெள்ளை விபூதியில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஒரு கறுப்புக் கோடு. பிரஸ் ஓட்டும் பெண்தான் முதலில் காட்டினாள். எட்டு வருடமாக எங்களிடம் இருக்கிறவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். சாமிக்குப் பூசியதில் எண்ணெய்க் கையை வைத்தாயா என்று அவள் மேலேயே எரிந்து விழுந்தேன். அழுத்தித் துடைத்து, புதிதாகப் பூசினேன்.

சூடம் காட்டி, பொரி கடலை கொடுத்து முடிப்பதற்குள் விபூதி காய்ந்துவிட்டது. அதே இடத்தில் அதே கோடு மெல்லிசாக எட்டிப் பார்த்தது. விரிசலுக்குள் இறங்கிய டீசல்தான் கசிகிறது என்று எனக்கு ஒரு நொடியில் புரிந்துபோனது. புரிந்ததும், இவ்வளவு அலைந்தது வீணா என்று வந்தது பாருங்கள், கோபம். அவளை மிஷின் முன்னால் உட்கார்ந்து ஓட்டச் சொன்னேன்.

"நான் உக்கார மாட்டேங்க்கா. எனக்கு என்னமோ பயமா இருக்கு" என்றாள்.

"தள்ளு, நானே ஓட்டுறேன்" என்று வீம்பாகப் போய் உட்கார்ந்து பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

சக்கரம் என் காதுக்கு ஒரு முழத் தூரத்தில் சுற்றுகிறது. வேகம் ஏற ஏற, சுற்றுக்கு ஒரு தரம் டக், டக் என்று ஒரு சத்தம். கல்லில் விழுந்த அந்தச் சத்தமே திரும்பக் கேட்பது போலிருந்தது. சிவப்புப் பொத்தானைக் குத்தினேன். மோட்டார் நின்றது. சக்கரம் நிற்கவில்லை. அம்புட்டு எடை, அதன் வேகத்துக்கு அது சுற்றிக்கொண்டே இருந்தது. எழுந்திருக்கத் தோன்றாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள்தான் ஓடி வந்து, என் கையைப் பிடித்து இழுத்து வாசலுக்குத் தள்ளினாள். தெருவில் நின்று, டக் டக் அடங்கும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் ஊரிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் சக்கரத்தைக் கழற்றித் தரையில் சாய்த்து, சுத்தியலால் தட்டினார். கணீரென்று கேட்க வேண்டியது சொத்தென்று கேட்டது. இன்னும் ஓங்கி ஒரு அடி. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது.

எங்கேயாவது கீழே போட்டாயா என்று கேட்டார். அவளை வைத்துக்கொண்டே உண்மையைச் சொன்னேன். அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். அவள்தான் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"தெரிஞ்சேதான் என்னைய உக்காரச் சொன்னீகளாக்கா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நான்கு நாள் அவள் வரவில்லை. ஐந்தாம் நாள் தானாக வந்தாள். வேறு சக்கரம் தேடிப் பிடித்து மாட்ட ஒரு மாதமானது. இப்போது எந்தப் பழைய பார்ட்ஸ் மாட்டினாலும் முதல் ஒரு மணி நேரம் நான்தான் உட்கார்ந்து ஓட்டுகிறேன். அவள் எப்போதும் போலப் பேசுகிறாள், சிரிக்கிறாள், டீ வாங்கி வருகிறாள். என்னை மன்னித்துவிட்டாளா என்று மட்டும் நான் கேட்டதில்லை. உடையவிருந்த அந்தச் சக்கரத்தைவிட, அவள் சொல்லப்போகும் பதிலுக்குத்தான் எனக்கு இன்றைக்கும் பயம்.