கேத்ரின் தேர்ந்தெடுத்த ரோபோ புத்தகம்

ராஜபாளையத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை கேத்ரினுக்கு. வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். காலையில் ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடித்துவிட்டால் எட்டரைக்குள் சென்டரைத் திறந்துவிடலாம். இருபது வருடமாக இதுதான். கை முறிந்தவர்கள், நெஞ்சில் சளி கட்டியவர்கள், மில்லில் விரலை மாட்டிக்கொண்டவர்கள் என்று நாளுக்கு நாற்பது பேராவது வருவார்கள். படம் எடுத்து முடித்ததும் பாதிப் பேர் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "ஒண்ணும் இல்லைல்லம்மா?" கேத்ரினும் ஒரே பதிலைத்தான் சொல்வார்: "டாக்டர் பாத்துச் சொல்லுவாருங்க."

இப்படி அடக்கமாகப் பேசுகிறவர் வீட்டில் பழைய பொம்மை ரோபோக்கள் சேர்க்கிறார் என்பது சென்டரில் ரொம்ப நாள் யாருக்கும் தெரியாது. ஹாலில் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் பத்தொன்பது தகர ரோபோக்கள். சாணுயரம், முழ உயரம், சாவி கொடுத்தால் நடப்பது, பேட்டரி போட்டால் கண் எரிவது என்று வகைக்கு ஒன்று. ஊரில் வேறு யாரும் இதைச் சேர்ப்பதாக அவருக்குத் தெரியவில்லை. மாதா கோயிலில் கூடப் பாடுகிற பெண்கள் வீட்டுக்கு வந்தால், "மக விளையாடுனதாக்கா?" என்பார்கள். "இல்ல, நான் விளையாடுறது" என்பார் கேத்ரின்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் இது தொடங்கியது. பஸ்ஸுக்கு நின்றவர் சாரல் தாங்காமல் காளிராஜின் கடைக்குள் ஒதுங்கினார். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் கதவு, கடிகாரம், பீங்கான் ஜாடி எல்லாம் விற்கிற கடை. மேசைமேல் சாம்பல் நிற ரோபோ ஒன்று நின்றது. காளிராஜ் ரெண்டு பேட்டரியைப் போட்டுவிட்டார். அது நாலு எட்டு நடந்து நின்றது, நெஞ்சில் இருந்த சின்ன ஜன்னல் வழியாகச் சிவப்பு விளக்கு சுற்றியது, மறுபடி நடந்தது.

"ஐம்பதுகள்ல ஜப்பான்ல செஞ்சதுக்கா. பம்பாய்லருந்து நமக்கு ஒருத்தர் அனுப்புதாரு" என்றார் காளிராஜ்.

கேத்ரின் அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே என்ன இருக்கும் என்ற யோசனையிலேயே இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டார். மூன்றாவது பஸ்ஸில் ரோபோவும் கூட வந்தது. அதன் பிறகு வருடத்துக்கு ரெண்டு மூன்று சேர்ந்தன. பெரும்பாலும் காளிராஜ் கடையில் வாங்கியவைதான்.

போன வருடம் ஆடி மாதத்தில் சென்டர் மிஷினைச் சர்வீஸ் செய்ய மதுரையிலிருந்து கௌதம்ராஜ் என்ற இன்ஜினியர் வந்தார். வேலை முடிந்ததும் சோதனைக்கு ஒரு படம் எடுக்க வேண்டும். மேசையில் எதையாவது வைக்கணுமே என்று அவர் தேடியபோது, கேத்ரின் தயங்கித் தயங்கி, ஐம்பதுகளில் செய்தது என்று சொல்லி, தன் பையிலிருந்து அந்த முதல் ரோபோவை எடுத்து வைத்தார். அன்றைக்குச் சர்வீஸ் என்று தெரிந்து, முந்தின நாளே டாக்டரிடம் கேட்டு அனுமதி வாங்கித்தான் கொண்டுவந்திருந்தார். கௌதம்ராஜ் சிரித்துவிட்டார். "பேஷண்ட் பேரு என்னன்னு போடட்டும் மேடம்?"

படம் திரையில் வந்தது. மோட்டார் வெள்ளையாகத் தெளிவாகத் தெரிந்தது. அச்சாணிகளும் தெரிந்தன. ஆனால் பல்சக்கரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் மங்கலான நிழல்தான் இருந்தது.

"எல்லாம் பிளாஸ்டிக் சக்கரம் மேடம். அந்தக் காலத்துப் பொம்மைல தகரச் சக்கரம்தான இருக்கும். ஐம்பதுகள்ல செஞ்சதுன்னா சொன்னீங்க?" என்றார் கௌதம்ராஜ்.

 அன்றைக்கு வீட்டுக்கு வந்த கேத்ரின் அலமாரி முன்னால் வெகுநேரம் நின்றார். ஒன்று சந்தேகம் என்றால் மற்றதெல்லாம்? இதுவரை காளிராஜ் சொன்னதும், இணையத்தில் விற்கிறவர்கள் சொன்னதும்தான் அவருக்கு ஆதாரம். நம்பிப் பார்க்கிற மாதிரி ஒரு புத்தகம்கூட இல்லை.

தேடியதில் மூன்று புத்தகங்கள் அகப்பட்டன. மூன்றும் ஆங்கிலம், மூன்றும் வெளிநாட்டில் அச்சானவை. இருந்த காசுக்கு ஒன்றுதான் வாங்க முடியும். சிவப்பு அட்டை போட்ட பெரிய புத்தகம் டெல்லியில் ஒருவரிடம் இருந்தது, பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம். ரெண்டாவது இன்னொரு கடைக்காரரிடம் இருந்த விலைப் பட்டியல், ஒவ்வொரு பொம்மைக்கும் என்ன விலை போகும் என்று போட்டது. மூன்றாவது இங்கிலாந்தில் ஒரு பழைய புத்தகக் கடைக்காரரிடம் இருந்தது. மெல்லிய புத்தகம், காப்பிக் கலர் அட்டை, பார்க்க ஐ.டி.ஐ. பாடப் புத்தகம் மாதிரி இருந்தது.

எதை நம்புவது? சென்டரில் மிஷின்மேல் சந்தேகம் வந்தால், அளவு தெரிந்த ஒரு துண்டை வைத்துத்தான் படம் எடுத்துப் பார்ப்பார்கள். கேத்ரினும் அதையே செய்தார். அவரிடம் பிறப்பு வளர்ப்பு எல்லாம் தெரிந்த ரோபோ ஒன்றே ஒன்று இருந்தது. வ. புதுப்பட்டியைச் சேர்ந்த தவசிமுத்து கப்பலில் இன்ஜின் வேலை பார்த்தவர். 1969இல் ஜப்பானில் கோபே துறைமுகத்தில் இறங்கியபோது ஒரு நீல ரோபோவைப் பெட்டியோடு வாங்கி வந்தார். எண்பது வயதில் எலும்புத் தேய்மானத்துக்குப் படம் எடுக்க வந்த இடத்தில் கேத்ரினோடு பேச்சு கொடுத்து, அதைக் கொண்டுவந்து தந்தவர். பெட்டிக்குள் கடை ரசீதுகூட இருந்தது.

கேத்ரின் மூன்று பேருக்கும் ஒரே கடிதம் எழுதினார்: இந்த நீல ரோபோவைப் பற்றி உங்கள் புத்தகத்தில் உள்ள பக்கத்தை மட்டும் படம் பிடித்து அனுப்ப முடியுமா?

டெல்லிக்காரர் அன்றைக்கே அனுப்பினார். அழகான படம், ஆனால் கீழே ரெண்டே வரி. பெயரும், அறுபதுகள் என்பதும்தான். விலைப் பட்டியல் அதை ஐம்பதுகளில் சேர்த்திருந்தது. ஒன்பது அங்குலம் என்றும் போட்டிருந்தது. கேத்ரின் அடிஸ்கேலை வைத்துப் பார்த்தார், பதினொன்றரை. அதில் போட்டிருந்த விலையும் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தையது.

இங்கிலாந்திலிருந்து பதில் வர ஆறு நாள் ஆனது. வந்தது நாலு பக்கம். முன்பக்கம், முதுகு, அடிப்பாகம், பேட்டரி மூடி என்று தனித்தனிப் படம். முதலில் வந்தவற்றில் தலைக் கம்பி உலோகம், 1967இல் கடைசியாக வந்தவற்றில் பிளாஸ்டிக் என்று எழுதியிருந்தது. கேத்ரினுடையது பிளாஸ்டிக். கடைசிப் பக்கத்தில் இன்னொரு விஷயம். இதே ரோபோவைத் தொண்ணூறுகளில் நகல் எடுத்து விற்றிருக்கிறார்கள். பழையதில் தகட்டை மடித்துச் செருகியிருக்கும், நகலில் பாதத்தில் ஸ்டார் திருகாணி இருக்கும். புத்தகத்தின் பின்பாதி முழுக்க இப்படி நகல்களைப் பற்றித்தான் என்று கடைக்காரர் எழுதியிருந்தார்.

தேர்வு முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் கேத்ரின் பணம் அனுப்பவில்லை. ஒரு நாள், ரெண்டு நாள், ஒரு வாரம் போனது.

அவர் கணவர் ரிச்சர்ட் பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்துவிட்டு வந்து, ஒரு மில்லில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டார், "என்னட்டி, புக்கு ஆர்டர் போட்டியா?"

"இன்னும் இல்லங்க."

"அந்தச் சிவப்பு அட்டைய வாங்கிரு. பாக்க அம்சமா இருக்கு. வாரவுக பொரட்டிப் பாக்கவாவது ஆகும்."

"அதுல நகலப் பத்தி ஒண்ணும் இல்ல."

"அப்ப மத்தத வாங்கு."

கேத்ரின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது வந்துச்சுன்னா அலமாரில இருக்கறதுல எம்புட்டு பொய்யின்னு சொல்லிரும். தெரியாமலே இருந்தா என்னன்னு தோணுது."

ரிச்சர்ட் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னார், "தெரிய வேணாம்னா பொறவு புக்கு எதுக்கு? ஒண்ணையும் வாங்காத. காசும் மிச்சம்."

கேலியாகச் சொல்லவில்லை அவர். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். கேத்ரினுக்குத்தான் அது சுருக்கென்று பட்டது. கை கழுவிய ஈரம் காய்வதற்குள் ஃபோனை எடுத்து இங்கிலாந்துக்குப் பணம் அனுப்பிவிட்டார்.

புத்தகம் வந்து சேர ஐந்து வாரம். வந்த அன்றே உட்காரவில்லை. சனிக்கிழமை லீவு போட்டு, ஹாலில் பாய் விரித்து, பத்தொன்பதையும் இறக்கி வரிசையாகப் படுக்க வைத்தார். ஒரு டார்ச்சும் பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். சாப்பாட்டு நேரம் போனதே தெரியவில்லை. ரிச்சர்ட் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

ஏழு ரோபோக்கள் அசல். பதினொன்று நகல். ஒன்று புத்தகத்திலேயே இல்லை. காளிராஜ் கடையில் மழைக்கு ஒதுங்கி வாங்கியது நகல்தான், பக்கம் 142இல் அச்சு அசலாக இருந்தது.

கண்ணீர் வரும் என்று எதிர்பார்த்திருந்தார். வரவில்லை. களைப்பும், அதோடு ஒரு நிம்மதியும்தான் இருந்தன. ஏழு இருக்கிறதே என்று நினைத்தார்.

மறுநாள் தவசிமுத்துவுக்கு ஃபோன் போட்டு அவர் தந்த ரோபோவின் பக்கத்தை வாசித்துக் காட்டினார். "அறுபத்தேழுலயே வந்துருச்சாம் ஐயா." மறுமுனையில் பெரியவர் சிரித்தார். "அப்ப அது ரெண்டு வருசம் விக்காமக் கெடந்த சரக்கு தாயி! அதான் அந்த ஜப்பான்காரன் சட்டுனு வெலையக் கொறச்சான். நான் என்னமோ என் சாமர்த்தியம்னுல்ல நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

காளிராஜிடம் போவதுதான் கஷ்டமாக இருந்தது. திங்கள்கிழமை வேலை முடிந்து புத்தகத்தோடு போனார். மேசைமேல் விரித்து வைத்து, கையோடு கொண்டுபோன சாம்பல் ரோபோவைப் பக்கத்தில் நிறுத்தினார். காளிராஜ் கண்ணாடி மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். திருகாணியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"அக்கா, சத்தியமா எனக்கே தெரியாது. பம்பாய்க்காரன் சொன்னத அப்படியே உங்ககிட்ட சொன்னேன்."

"எனக்குத் தெரியும் காளிராஜ். உங்கள நான் குத்தம் சொல்ல வரல."

"எத்தன?"

"பதினொண்ணு. உங்ககிட்ட வாங்குனது ஒம்போது."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அப்போதே பம்பாய்க்காரரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். எல்லாம் அசல்தான், சந்தேகமே வேண்டாம் என்று அந்த ஆள் இந்தியில் சொன்னார். ரிச்சர்ட்டோடு கண்டோன்மெண்டுகளில் குடியிருந்த காலத்தில் பழகிய இந்தி கேத்ரினுக்கு. பாதத்தில் எந்தத் திருகாணி, பேட்டரி மூடி எப்படிப்பட்டது என்று அமைதியாக ரெண்டு கேள்வி கேட்டார்.  உடனே லைன் கட்டாகிவிட்டது.

"இவன்ட்ட இனி ஒண்ணும் எடுக்க மாட்டேன்" என்றார் காளிராஜ். "நீங்க எல்லாத்தையும் கொண்டாங்க, நான் எடுத்துக்கிடுறேன்."

கேத்ரின் யோசித்து ஐந்தைக் கொடுத்தார், நாலை வைத்துக்கொண்டார். காளிராஜ் அந்த ஐந்தின்மேலும் 'புதுசு' என்று ஸ்டிக்கர் ஒட்டி முன்னால் வைத்தார். தீபாவளிக்குள் எல்லாம் விற்றுப்போயின. பழசு என்று சொன்ன காலத்தைவிட வேகமாகப் போனதாக அவர் இன்னும் ஆச்சரியப்படுகிறார்.

இப்போது அலமாரியில் பதினாலு ரோபோக்கள். மேல் தட்டில் ஏழு அசல், நடுத்தட்டில் ஆறு நகல், ஒவ்வொன்றின் முன்னாலும் சின்ன அட்டையில் ஊரும் வருடமும். புத்தகத்தில் இல்லாத அந்த ஒன்று கீழ்த்தட்டில் தனியாக நிற்கிறது. பச்சை உடம்பு, ஒரு கண் பெரிது, ஒரு கண் சின்னது. அதன் அட்டையில் கேத்ரின் எழுதியிருப்பது ஒரே வார்த்தை: தெரியவில்லை. இங்கிலாந்துக் கடைக்காரருக்கும் அதன் நாலு படங்களை அனுப்பியிருக்கிறார். அவருக்கும் தெரியவில்லையாம். தெரிந்தவர்களிடம் விசாரித்துச் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறார்.