மஞ்சள் துணியில் முடிந்தது

உலகச் சண்டைக் காலத்தில் விழுப்புரத்தில் நான் கள்ளச் சரக்கு வண்டி ஓட்டினேன். புதுச்சேரிச் சாராயத்தை மல்லாட்டைக் கடலை மூட்டைகளுக்கு அடியில் மறைத்து, வளவனூர் வழியாகத் திண்டிவனம் வரை கொண்டுபோவேன். திரும்பும்போது விற்ற பணம் ஒரு பையில் வரும். வண்டி, மாடு, பணம் எல்லாம் கும்பல் தலைவனுடையவை. பயம் மட்டும் எனக்குச் சொந்தம்.

எனக்கு முன்னால் ஓட்டியவன் வேலையை விடுகிறேன் என்றான். பனமலை ஏரியில் பிணமாகக் கிடந்தான். அதைக் கேட்டதிலிருந்து, பிள்ளைத்தாச்சியான என் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் வழியில் வீட்டில் இறங்கிக் கூழ் குடித்துவிட்டுப் பையைக் கொண்டுபோய்த் தலைவனிடம் கொடுத்தேன். பாதிப் பணம் இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது. கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தேன். பொய்ச் சத்தியம் இல்லை. எனக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாது.

தலைவன் ஆட்களோடு வந்து வீட்டைத் தலைகீழாக்கினான். பானையை உடைத்தார்கள், கேப்பையைக் கொட்டினார்கள். கடைசியில் விளக்கு மாடத்துக்கு மேலே தொங்கிய மஞ்சள் துணி முடிச்சின்மேல் அவன் கண் போனது. கையை நீட்டியவன் சட்டென்று இழுத்துக்கொண்டான்.

"மலையனூர் ஆத்தாளுக்கு முடிஞ்ச காணிக்கையாம்மா?"

என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஆளை அடித்து ஏரியில் போடுகிற அந்தப் படுபாவி, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து கும்பிட்டான். மடியிலிருந்து ஒரு வெள்ளி ரூபாயை எடுத்து மாடத்தில் வைத்தான்.

"என் பேர்லயும் போட்டுடும்மா" என்றவன், என்னைப் பார்த்து முறைத்தான். "உன் மேல எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு, ஆத்தா முகத்துக்காக விடறேன். இனிமே வண்டி பூட்டாதே. இந்த ஊர்லயே இருக்காதே. வாயத் தொறந்தே, ஏரிதான்."

எனக்கு வேலை போனதில் அழுகையும் உயிர் மிஞ்சியதில் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அமாவாசைக்கு மேல்மலையனூர் போனோம். கூட்டத்தில் இடிபட்டு உண்டியல் அருகே போனவள், அவன் கொடுத்த ஒற்றை ரூபாயை மட்டும் போட்டாள். முடிச்சு இடுப்பிலேயே இருந்தது.

"அதையும் போடுடி" என்றேன்.

"இதுவா? இது நாம திண்டிவனத்துல மாடு வாங்கறதுக்கு."

பையில் குறைந்த பாதிப் பணம் எங்கே போனது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. சட்டென்று அவள் இடுப்பை மறைத்து நின்றேன்.

"ஐயோ, ஆத்தாளுக்கு முடிஞ்சதாச்சேடி!"

"நான் எங்க அப்பிடிச் சொன்னேன்? மஞ்சத் துணியப் பாத்து அவனாத்தான் கும்பிட்டுக்கினான்." சன்னிதிப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா கோவிச்சுக்க மாட்டா. அவளும் கையில மண்டையோட்டோட அலைஞ்ச புருசனக் காப்பாத்தச் சுடுகாட்டுக்கே போனவதானே."