மூன்றாம் மாடிக்கு வந்த வேட்பாளர்

ஜெர்மனியில், டிரெஸ்டன் நகரில் சொல்லாமல் கொள்ளாமல் என் வீட்டு மணியை அடிப்பவர் பார்சல்காரர் ஒருவர்தான். அதுவும் எனக்கான பார்சலாக இருக்காது. பகல் முழுக்க வீட்டில் கிடப்பவன் என்று தெரிந்துகொண்டு, பக்கத்து வீட்டுப் பெட்டிகளை என்னிடம் தள்ளிவிட்டுப் போவார். அவரோடு பேசும் இரண்டு வார்த்தைதான் பல நாட்களில் என் மொத்தப் பேச்சும்.

நான் அப்போது ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரர் ஆட்சியில் சென்னை மாகாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த தனித் தொகுதிகள் பற்றியது. முஸ்லிம் உறுப்பினரை முஸ்லிம்கள் மட்டுமே தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு. நானும் முஸ்லிம்தான், நாகூர்க்காரன். ஆனாலும் பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்கு அந்த ஏற்பாட்டின் மேல் கோபம். அதைக் கேட்டவர்கள் தங்களைத் தாங்களே ஒதுக்கிக்கொண்டார்கள் என்று முதல் அத்தியாயத்திலேயே ஆணித்தரமாக எழுதியிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மணி அடித்தது. திறந்தால் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர், மூச்சிரைக்க நின்றார். கையில் துண்டறிக்கைகள். அழைப்பு மணியில் என் பெயரோடு இருந்த 'நாகூர்' என்பதைப் பார்த்துத் தமிழ் ஆள் என்று கண்டுபிடித்து வந்தாராம்.

"தம்பி, நகரசபையில வெளிநாட்டுக்காரருக்கான ஆலோசனைக் குழுவுக்கு நான் நிக்கிறன். உங்களுக்கும் தபாலில வாக்குச்சீட்டு வந்திருக்குமே? எனக்குப் போடுங்கோ. விசா அலுவலுக்கு ஒரு டெர்மின், அதுதான் சந்திக்கிறதுக்கு ஒரு நேரம், எடுக்க ஏலாமல் எத்தனை சனம் அலையுது!"

உள்ளே வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. வாசலிலேயே பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

"சாரி அக்கா. நான் இதைத்தான் ரிசர்ச் பண்றேன். எல்லாரும் ஓட்டுப் போடுற எலெக்‌ஷன்ல நமக்கு இடம் இல்ல. நமக்குன்னு தனியா ஒண்ணு வெச்சு ஏமாத்துறாங்க. தனியா நின்னா தனியாவே போயிடுவோம்."

அவர் என் தோளுக்குப் பின்னால் அறையைப் பார்த்தார். ஒரு நாற்காலி, ஒரு தட்டு, மேசையில் யாருக்கோ வந்த பார்சல்.

"இப்ப மட்டும் ஆரோட இருக்கிறியள், தம்பி?" என்று கேட்டுவிட்டு, ஒரு துண்டறிக்கையை என் கையில் வைத்துவிட்டு, படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். எனக்குக் கடுப்பாக வந்தது. வாக்குச்சீட்டு உறையை அத்தியாயத்துக்குள் அடையாளத்துக்குச் செருகி வைத்தேன்.

சில வாரம் கழித்துத் திருத்துவதற்காகப் பக்கங்களைப் புரட்டியபோது அந்த உறை விழுந்தது. பிரிக்கவே இல்லை, தேர்தல் முடிந்திருந்தது. அது கிடந்த பக்கத்தில், தனித் தொகுதி கேட்டவர்களின் கவலைகளை நானே தொகுத்திருந்தேன். பெரும்பான்மையோர் ஓட்டிலேயே ஜெயித்துவிட முடிகிறவர் நம்மைத் தேடி எதற்கு வருவார் என்பது அதில் ஒன்று. அதன் பக்கத்தில் பென்சிலால் 'மிகை' என்று குறித்திருந்தேன். இப்போது அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த அம்மா தந்த துண்டறிக்கையைத் தேடியெடுத்து, அதிலிருந்த எண்ணுக்கு அழைத்தேன். ஓட்டுப் போடவில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

"அது பரவாயில்லை, தம்பி. நான் தோத்துப்போனன். இனி நிக்க மாட்டன், முழங்கால் ஏலாது" என்று சிரித்தார்.

'மிகை'யை ரப்பரால் அழித்தேன். டிரெஸ்டனுக்கு வந்த மூன்று ஆண்டுகளில், எனக்காகவே மாடி ஏறி வந்தவர் அவர் ஒருவர்தான். அவரைத்தான் வாசலோடு அனுப்பியிருந்தேன்.